வராதவர் முறை

கண்ணா, நீ போனில் அனுப்பிய பாட்டெல்லாம் வந்து சேர்ந்தது. போன ஓணத்துக்கு வந்திருந்தபோது அப்பாவைப் பேச வைத்துப் பதிவு செய்துகொண்டு போனாயே, அத்தனையையும் உட்கார்ந்து டைப் அடித்திருக்கிறாய். மலையாளத்தில் படித்து வளர்ந்த பிள்ளை, தமிழில் ஒற்று விடாமல் அடித்திருப்பதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. சதாபிஷேகத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காயோடு அப்பாவின் கடல் பாட்டுப் புத்தகத்தையும் போட்டுக் கொடுக்க வேண்டும் என்ற உன் யோசனையும் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறாய் பார், 'அம்மா, இதில் எது அப்பாவுடையது, எது செல்லையா மாமாவுடையது என்று மட்டும் குறித்துக் கொடு, பிரஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும்' என்று. அந்த ஒரு வரி என் சோறு தண்ணியைக் கெடுத்துவிட்டது. மட்டும் என்கிறாய். அந்த மட்டும் எனக்குத் தெரிந்தால் நான் ஏன் இந்தப் பாடு படுகிறேன்? புத்தகத்துக்கு ஒரு முன்னுரையும் கேட்டிருந்தாய். எனக்கு முன்னுரையெல்லாம் எழுத வராது. இந்தக் கடிதத்தையே முன்னால் போட்டுக்கொள். படிக்கிறவர்களும் கொஞ்சம் குழம்பட்டும்.

புத்தகம் வாங்கிப் படிக்கப்போகிறவர்களுக்காக ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன். உனக்கும் பாதிதான் ஞாபகமிருக்கும். இரண்டாம் சனிக்கிழமை அப்பாவுக்கு ஆபீஸ் லீவு. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஸ்ரீவராகத்திலிருந்து நடந்து கிழக்கேகோட்டைக்கு வந்து, சங்குமுகம் கடற்கரைக்குப் பஸ் பிடிப்போம். அப்பா, நான், நீ. செல்லையா மாமா சாலைக் கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடையில் விற்பனைக்கு நின்றுகொண்டிருந்தவர். முதலாளியிடம் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு நேரே கடற்கரைக்கு வந்துவிடுவார். இவர்கள் இரண்டு பேருக்கும் எங்கே எப்படிப் பழக்கம் என்று கேட்காதே. அப்பா செருப்பு வாங்கப் போய், அளவு பார்க்கக் குனிந்தவர் வாயில் ஏதோ பாட்டு முணுமுணுப்பதைக் கேட்டு, கடை மூடும்வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு, செருப்பு வாங்காமலே வீட்டுக்கு வந்தார். அது மட்டும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அறுந்த செருப்போடு வந்து நின்றவரிடம் சண்டை போட்டது நான்தான்.

அந்த மணலில் உட்கார்ந்து அவர்கள் செய்தது இதுதான். ஒருவர் ஒரு பாட்டுச் சொல்வார். அது எந்தச் சொல்லில் முடிகிறதோ அந்தச் சொல்லில் மற்றவர் தன் பாட்டைத் தொடங்க வேண்டும். எல்லாம் கடலைப் பற்றித்தான் இருக்க வேண்டும்; கடலை விட்டு வெளியே போனால் கடலை மிட்டாய் வாங்கித் தர வேண்டும். எதையும் எழுதி வைக்கக் கூடாது. மனசில் நிற்காத பாட்டு பாட்டே இல்லை என்பது அப்பாவின் கட்சி. போன மாசம் எந்தச் சொல்லில் விட்டார்களோ இந்த மாசம் அதிலிருந்து பிடிப்பார்கள். நீ மண்ணில் குழி தோண்டுவாய். நான் எல்லார் செருப்புக்கும் காவல். பின்னே என்ன, கவிஞர்கள் இரண்டு பேரும் பாட்டு வரவில்லை என்றால் எழுந்து காலை நனைக்கப் போய்விடுவார்கள், நீயும் பின்னாலேயே ஓடுவாய். செருப்பை அலை கொண்டுபோகாமல் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா?

அப்பாவின் கடல் பெரிய கடல். பாற்கடல், பாம்புப் படுக்கை, சங்கு என்று எல்லாம் வரும். ஆறாட்டுத் திருவிழாவில் கோயில் சுவாமி அதே கரைக்குத்தான் குளிக்க வருகிறார் என்பதால் அவருக்கு அந்தத் தண்ணீரைச் சாதாரணமாகப் பார்க்க வராது. செல்லையா மாமாவின் கடல் வேறு. அவர் திசையன்விளைப் பக்கத்து ஆள். அவருடைய கடலில் கருவாட்டு வாசனை வரும், கஞ்சியில் மணல் விழும், பஸ்ஸைத் தவறவிட்டவன் போல அலை திரும்பிப் போகும். முதல் ஒன்றிரண்டு வருஷம் யாருடையது எது என்று நீகூடச் சொல்லியிருப்பாய். அப்புறம்தான் வினை. இவரைச் சீண்ட அவர் பாற்கடல் பாடுவார். அவரை மடக்க இவர் கருவாடு பாடுவார். ஆபீஸில் பைலோடு மல்லுக்கட்டுகிற மனுஷர் மத்தி மீனைப் பற்றிப் பாடுவதைக் கேட்டு நான் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். நம் வீட்டில் மீன் என்ற வார்த்தையைச் சொன்னாலே வாய் கொப்பளிப்பார்கள், உனக்குத் தெரியாதா. இப்படி ஒருவர் குரலை ஒருவர் போட்டுக்கொண்டு, கடைசியில் இரண்டு பேருக்குமே தன் குரல் எது என்று தெரியாமல் போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன்.

இது போதாதென்று இன்னொரு சட்டம் வேறு. யாராவது வரவில்லை என்றால் முறை நிற்கக் கூடாது. வராதவருடைய முறையை வந்திருக்கிறவர்கள் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன பாட்டு சொன்னவருடையது அல்ல, வராதவருடையது. அவர் அடுத்த மாசம் வந்து அதைத் தன்னுடையதென்று ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்று வாயைத் திறக்கக் கூடாது. அப்பாவுக்கு ஆடிட் வந்த மாசங்களில் செல்லையா மாமா இரண்டு பேருக்குமாகச் சொல்லியிருக்கிறார். அவர் கடையில் விழாக்கால வியாபாரம் இருந்த மாசங்களில் அப்பா இரண்டையும் சொல்லியிருக்கிறார். இப்போது நீ பதிவு செய்ததில் அப்பா 'இது செல்லையா முறை' என்கிறாரே, அது செல்லையா மாமா சொன்னது என்று அர்த்தமில்லை. இந்தக் கூத்து எங்கள் இரண்டு வீட்டைத் தவிர உலகத்தில் வேறு எவருக்கும் வந்திருக்காது.

இதெல்லாம் இருக்கட்டும். மற்றப் பாட்டுகளை நீ எப்படிப் போட்டாலும் எனக்குக் கவலையில்லை. என்னைப் போட்டு வாட்டுவது ஒரே ஒரு பாட்டு. முந்தின பாட்டு 'கரை'யில் முடிந்தது. அதைப் பிடித்து வருகிறதே, அது.

கரையில் கழற்றிய செருப்பைக்
காவல் காத்து நிற்கிறேன்.
வருவார் என்று
அலை சொல்லவில்லை.
வரமாட்டார் என்றும்
சொல்லவில்லை.
வந்து வந்து போவது தவிர
பாவம், அதற்கு
ஒன்றும் தெரியாது.

இத்தனை பாட்டிலும் இதுதான் நல்ல பாட்டு. நான் சொல்லவில்லை, அப்பாவே சொல்வார். இது செல்லையா மாமாவின் முறையில் வந்தது. கேட்ட எல்லாரும் அவருடையதென்றுதான் நினைப்பார்கள், செருப்புக் கடைக்காரர் அல்லவா. ஆனால் அன்றைக்கு அவர் வரவில்லை. அவர் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அப்பா தன் பாட்டைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குத் திணறினார். மனசு சரியில்லை அவருக்கு. என்னைப் பார்த்து 'நீதான் சொல்லேன்' என்றார். செருப்புக்குக் காவல் நிற்கிறவளுக்கு என்ன பாட்டுத் தெரியும் என்று நான் சிடுசிடுத்தேன். இது வரைக்கும் எனக்குக் கல்லில் வெட்டினாற்போல ஞாபகமிருக்கிறது. அப்புறம் நான் அந்தப் பாட்டைச் சொன்னேன். சொன்னேனா? சொன்னதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சிடுசிடுத்ததை எடுத்து அப்பா பாட்டாக்கினாரோ என்ற சந்தேகம் உன் டைப் அடித்த எழுத்தைப் பார்த்த பிறகுதான் வந்தது. வந்த சந்தேகம் போகமாட்டேன் என்கிறது. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்றுகூட இப்போதெல்லாம் எண்ணத் தோன்றுவதில்லை, அந்தப் பாட்டிலேயே நிற்கிறேன்.

உனக்குச் சிரிப்பாக இருக்கும். என்றைக்கோ சொன்ன ஒரு பாட்டுக்கு இந்த வயதில் அடித்துக்கொள்கிறாளே என்று நினைப்பாய். நினைத்துக்கொள். நான் வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அது வேண்டும். வீட்டில் என் பேர் போட்டு எது இருக்கிறது சொல், ரேஷன் கார்டும் காஸ் புக்கும் தவிர? அவர்கள் இரண்டு பேருக்கும் கூடை கூடையாகப் பாட்டு இருக்கிறது. எனக்கு ஒன்றுதான். அதுவும் என்னுடையதுதானா என்று தெரியவில்லை.

சரி, இடத்தைப் பார்த்தால் அப்பாவுக்கு ஞாபகம் வரும் என்று ஒரு ஆட்டோ பிடித்து அவரைச் சங்குமுகத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். உன்னிடம் சொன்னால் திட்டுவாய் என்று சொல்லவில்லை. அவர் நிலைமைதான் உனக்குத் தெரியுமே. காலையில் காப்பி குடித்தோமா என்பது மறந்துவிடுகிறது. பழைய பாட்டு ஒரு சீர்கூட நழுவுவதில்லை. நாம் உட்காருகிற இடத்தைத் தேடினால், அங்கே மணலே இல்லை. கடல் தின்றுவிட்டது. ரோட்டோரம் வரை கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், அலை அந்தக் கல்லில் மோதி மேலே தெறிக்கிறது. அப்பா வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது சங்குமுகமே இல்லை. ஆட்டோக்காரன் நம்மை வேற எங்கயோ கொண்டுவந்து விட்டுட்டான், கேட்டியா," என்றார்.

எனக்கே அப்படித்தான் இருந்தது. கையைப் பிடித்து ஒரு சிமென்ட் திண்டில் உட்கார வைத்தேன். ஏதோ நினைத்துக்கொண்டவர் போல அவராகவே 'கரையில் கழற்றிய' என்று ஆரம்பித்து முழுதும் சொல்லி முடித்தார். இந்தச் சமயத்தை விட்டால் வராது என்று, இந்தப் பாட்டு யார் சொன்னது என்று கேட்டேன்.

"நீ சொன்னதாக்கும். செல்லையா வராத அன்னிக்கு," என்றார், ஒரு தயக்கமும் இல்லாமல்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உப்புக்காற்று என்று துடைத்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷம் டீக்கடை வரைதான். டீயை ஆற்றிக் கொடுத்துக்கொண்டே, ஆசையில், இன்னொரு தடவை கேட்டுத் தொலைத்தேன். வாங்கிக் கட்டிக்கொள்வது என்றால் இதுதான். "எது, அதா? அது என்னோடதாக்கும். உனக்குப் பாட்டெல்லாம் எப்ப வந்தது?" என்று சிரிக்கிறார். வீடு வந்து சேர்வதற்குள் அது செல்லையா மாமாவுடையதாகவும் ஆகிவிட்டது. ஒரே சாயங்காலத்தில் மூன்று பேருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார், தர்மப் பிரபு.

இப்படி நான் திண்டாடிக்கொண்டிருக்கும்போது ஜெயா வந்தாள். செல்லையா மாமாவின் பெண். கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். அவள் பாவாடை கட்டியிருந்தபோது நீ பார்த்ததுதான். மாமா காலமானதற்கு நீ வர முடியவில்லை. புத்தகம் வருகிறது என்று யார் சொன்னார்களோ, வேலை முடிந்து பஸ்ஸுக்குப் போகிற வழியில் ஒரு சீப்புப் பழத்தோடு வந்து நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. அப்பா அவளைப் பார்த்து யார் என்று கேட்டார். செல்லையா பெண் என்றதும், செல்லையா ஏன் வரவில்லை என்றார். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு என்னிடம் மெல்லக் கேட்டாள்.

"மாமி, புத்தகத்துல எங்க அப்பா பேரு வருமா? எல்லாப் பாட்டும் வேண்டாம். அந்தச் செருப்புப் பாட்டு மட்டும் மதி, அது போதும்."

அவ்வளவு பாட்டு இருக்க அதையா கேட்க வேண்டும்? ஆகட்டும் என்று சொல்லியிருக்கலாம். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லையே. அன்றைக்கு உன் அப்பா வரவில்லை ஜெயா, அவருடைய முறையை நாங்கள் சொன்னோம், நான் சொன்னேனோ இவர் சொன்னாரோ தெரியவில்லை, ஆனால் உன் அப்பா இல்லை என்று சொல்லிவிட்டேன். சொன்ன அந்த நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒரு பெண் அப்பாவின் ஞாபகமாக ஒரு பாட்டைக் கேட்டு வந்து நிற்கிறாள், அவளிடம் போய்ப் பங்கு பேசுகிறேனே என்று என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

ஜெயா கோபித்துக்கொள்ளவில்லை. "அது எனக்குத் தெரியும் மாமி," என்றாள். "அப்பா எங்கிட்டயே சொல்லிருக்காவ. 'நான் போகாத அன்னைக்கு நான் சொன்ன பாட்டு'ன்னுதான் சொல்லுவாவ."

அப்புறம் மற்றதையும் சொன்னாள். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ அப்பா செருப்புக் கடைக்குப் போய் செல்லையா மாமாவிடம், உன் முறையில் இது வந்திருக்கிறது என்று பாட்டைச் சொல்லியிருக்கிறார். மாமா அதை வாயிலேயே வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். வார்டுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது என்று எல்லார் செருப்பும் வாசலில் கிடக்குமாம். அவர் மனைவியின் செருப்பும், சேர்த்த நாளில் கழற்றியது, அங்கேயே கிடந்திருக்கிறது. கட்டிலண்டை உட்கார்ந்து பாட்டைச் சொன்னதும் அந்த அம்மாள், யார் செருப்புக்குக் காவல் என்று கேட்டிருக்கிறாள்.

"'உன் செருப்புக்குத்தான். நீ எந்திரிச்சு வந்து போட்டுக்கிடணும்லா'ன்னு அப்பா சொன்னாவ," என்றாள் ஜெயா. "அம்மா பொறவு அதே செருப்பப் போட்டுக்கிட்டுத்தான் மாமி வீட்டுக்கு வந்தாவ. அதான் அந்தப் பாட்டு மட்டும்."

நான் உள்ளே போய் அவளுக்கு ஒரு டம்ளர் காப்பி கலந்து எடுத்து வந்தேன். எங்கள் கூட்டத்தில் நான் கிண்டல் செய்த அந்தச் சட்டம், வராதவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது, அந்த மனுஷர் எப்படி ஒப்புக்கொண்டிருக்கிறார் பார். நான் சொல்லியிருந்தாலும் அப்பா சொல்லியிருந்தாலும் மணலை உதறிவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டோம். அதை எடுத்துக்கொண்டு போய் உபயோகப்படுத்தியவர் அவர். ஜெயா போகும்போது உன் அப்பா பேரில்தான் வரும் என்று சொல்லி அனுப்பினேன். அவள் சிரித்தாள். சிரிக்கும்போது அப்படியே செல்லையா மாமா.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். அவள் தெருமுனை திரும்புவதற்குள்ளேயே மறுபடி குடைய ஆரம்பித்துவிட்டது, சொன்னது நான்தானே, நான்தானே என்று. பாத்திரம் தேய்க்கும்போது ஆமாம் என்று தோன்றுகிறது, கோலம் போடும்போது இல்லை என்று தோன்றுகிறது. உனக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. நீயும் வரப்போகிறவளும் நாளைக்கு ஆயிரம் விஷயத்துக்கு, நான் சொன்னேன், நீ சொல்லவில்லை என்று நிற்பீர்கள். அப்போது இந்த அம்மாவை நினைத்துக்கொள். சத்தியம் செய்யத் தயாராக இருந்த ஞாபகம் எனக்கு. ஒரு ஆட்டோ சவாரியில் கலைந்துவிட்டது. ஞாபகத்தை நம்பிச் சண்டை போடாதே. போட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துக்கொள். இதற்கு மேல் புத்தி சொல்ல எனக்கே புத்தி தெளிவாக இல்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். எந்தப் பாட்டின் கீழும் பேர் போடாதே. முன்பக்கத்தில் அப்பா பேரையும் செல்லையா மாமா பேரையும் ஒரே அளவு எழுத்தில் போடு. செருப்புப் பாட்டின் கீழே மட்டும் செல்லையா என்று போடு. என் பேரை எங்கேயாவது நன்றி சொல்லுகிற இடத்தில் நுழைக்கப் பார்க்காதே, எனக்குக் கெட்ட கோபம் வரும்.

ஏனென்றால் எனக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது. நேற்று சாயங்காலம் அப்பாவுக்கு வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தேன். செருப்புப் பாட்டு 'தெரியாது' என்று முடிகிறதே, அதைப் பிடித்து அப்பா பாடியது உன் பதிவில் இருக்கிறது. ஆனால் அது செல்லையா மாமாவின் பாட்டு என்று ஆன பிறகு அதற்குப் பதில் சொல்ல எனக்கும் உரிமை உண்டல்லவா? யாருடைய முறையிலும் இல்லாமல், என் முறையில். அடுப்பைத் தணித்துவிட்டு நின்றபடியே சொல்லிப் பார்த்தேன். வந்தது.

தெரியாது என்று சொல்ல
இத்தனை வயதாயிற்று எனக்கு.
கடல் தின்ற மணலில்
உட்கார்ந்த இடம் எது,
எழுந்த இடம் எது.
இருக்கட்டும்.
நனைந்து கனக்கும் இந்தப்
புடவை மட்டும்
என்னுடையது.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். யார் சொன்னது என்று அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, நான்தான், இப்போதுதான், உங்கள் எதிரில்தான் என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, அப்போ அடுத்த முறை செல்லையாவோடது, அவன் வரலியே, என்றார். அவர் வரமாட்டார் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. பையன் சொல்லுவான் என்று சொல்லிவிட்டேன்.

அதனால் முறை உன்னிடம் வந்திருக்கிறது, கடைசிப் பக்கத்தை உனக்காக விட்டுவை. 'என்னுடையது' என்று தொடங்க வேண்டும், கடலை விட்டு வெளியே போகக் கூடாது. எனக்குத் தமிழில் பாட்டு வராது, லீவு கிடைக்கவில்லை என்றெல்லாம் சாக்குச் சொல்லாதே. சதாபிஷேகத்துக்கு முந்தின நாளாவது நீ வந்து சேராவிட்டால் உன் முறையை நானே சொல்லிவிடுவேன். அப்புறம் அது எவ்வளவு மோசமாக இருந்தாலும் உன்னுடையதுதான்.